நாலு மணி நேரந்தான?

மதுரையிலிருந்து துபாய் வான்வழியில் சுமார் 2,950 கிலோமீட்டர். நேர் விமானம் கிடைத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடலாடியில் பஸ் ஏறி, மாறி மாறி மதுரை விமான நிலையம் போய்ச் சேரவே அதில் பெரும்பகுதி ஆகிவிடும். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. அதனால்தான் சாவு வீட்டுக்கு மகன் வராதபோது அந்தக் கேள்வி வருகிறது: "நாலு மணி நேரந்தான? பெத்த தகப்பனுக்கு வர முடியலையாக்கும்?"

தூரம் ஒரு காலத்தில் மன்னிப்பாக இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போனவனுக்குச் சாவுச் சேதி கடிதமாகப் போய்ச் சேரும்போது இங்கே கருமாதியே முடிந்திருக்கும். அவனை யாரும் ஏசவில்லை. நடுவில் கடல் கிடக்கிறது, அவன் என்ன செய்வான் என்றார்கள். விமானம் அந்த மன்னிப்பை எடுத்துக்கொண்டது. போதாததற்கு ஐஸ் பெட்டியும் வந்துவிட்டது. மகன் வரும்வரை உடலை வைத்திருக்கலாம் என்று ஆனபிறகு, வராதவன் மேல் விழும் பழி இரட்டிப்பாகிறது.

ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்று ஒருவனிடம் சொல்வதற்கு முன், அது அவனால் முடிகிற காரியமாக இருக்க வேண்டும். கான்ட் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய நியாயம் இது. சிக்கல் 'முடியும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. விமானம் பறக்கிறது என்பதாலேயே அதில் ஏற முடியும் என்று ஆகிவிடாது. லீவு வேண்டும், கடைசி நேர டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், ஏஜென்டுக்கு வாங்கிய கடன் அடைந்திருக்க வேண்டும். சவுதியில் 2021 மார்ச் வரை, முதலாளி சம்மதிக்காமல் தொழிலாளி நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அந்த வருடம் சட்டம் தளர்ந்தபோதும் வீட்டு வேலை செய்பவர்களும் வீட்டு டிரைவர்களும் அதற்குள் வரவில்லை. அவர்களுக்கு ஊர் எத்தனை மணி நேரம் என்று எந்த விமான அட்டவணையும் சொல்லாது.

நம் கரைக்கு இது புதிதல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1914 முதல் ரயிலும் கப்பலும் சேர்ந்து கொழும்புக்குப் பயணிகளைக் கொண்டுபோயின. ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கடல் எல்லோருக்கும் ஒரே அகலம், காத்திருப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. 1948இல் இலங்கை குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தது. கடல் ஒரு அடிகூட அகலவில்லை, ஆனாலும் அக்கரை தூரமாகிப்போனது. 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது அதற்கெல்லாம் பிறகுதான்.

அப்படியானால் வராதவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்களா? இல்லை. லீவும் காசும் இருந்தும், வீடியோ காலில் அப்பா முகத்தைப் பார்த்தது போதும் என்று இருந்துவிட்டவனும் உண்டு. அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். தூரம் அவனுக்குச் சாக்கு. ஆனால் பாஸ்போர்ட்டை முதலாளியின் மேஜைக்குள் விட்டுவிட்டு, கொள்ளி வைக்கும் நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டிடத்தின் பதினைந்தாவது மாடியில் நிற்பவனும் அதே 'வராத மகன்'தான். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிகிறார்கள்.

அதனால் பந்தலில் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: "அவன விட்டாங்களா?" இதற்குப் பதில் தெரியாதவரை, நான்கு மணி நேரக் கணக்கை வைத்து யாரையும் எடைபோட நமக்கு உரிமையில்லை. விட்டிருந்தும் அவன் வரவில்லை என்றால், அப்புறம் கேட்போம்.