கைப்பிடிச்சுவர் கட்டினாயா?



உபாகமம் 22:8-ஐ எடுத்து வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்து செத்தால், பழி அந்த வீட்டின்மேல் வரும். வண்ணாரப்பேட்டைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். காத்தாடி விடுகிற பையன் கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பான். சுவர் இருந்தால்தான் பிழைப்பான்.

இன்றைக்கு நம் வீட்டு நடுவிலேயே ஒரு மொட்டைமாடி இருக்கிறது. அதுதான் டி.வி.!

தியேட்டரில் "ஏ" படம் என்றால் 18 வயது ஆகாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வீட்டில் டிக்கெட் கிழிக்கிறவர் யார்? இதற்காகவே மும்பையில் பிரதிபா நைதானி என்கிற கல்லூரிப் பேராசிரியை உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார். "ஏ" படங்களை டி.வி.யில் காட்டக் கூடாதென்று நீதிமன்றமும் 2000-களின் நடுவில் கண்டிப்பாய்ச் சொன்னது. 2023-ல் திருத்திய சட்டப்படி, அப்படிப்பட்ட படத்தை வெட்டி, டி.வி.க்கென்று தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். "யு/ஏ" சான்றிதழையும் 7, 13, 16 வயது என்று மூன்றாய்ப் பிரித்தார்கள்.

நல்லதுதான். ஆனால் கவனியுங்கள்! அந்த வயது எண்ணை அமல்படுத்த வேண்டியவர்கள் பெற்றோர்தான், மற்றவர்கள் அல்ல என்று அதே சட்டம் சொல்லுகிறது. சர்க்கார் அளவு குறித்துக் கொடுக்கும். சுவரை வீட்டுக்காரன்தான் எழுப்ப வேண்டும். மோசே சொன்னதும் இதுதானே?

"ஐயா, எங்களுக்கு ஒரே ரூம். ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் பிள்ளைகள் எதைப் பார்க்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செல்போனில் படம் காட்டுகிற கம்பெனிகள் 13 வயதும் அதற்கு மேலும் குறித்த படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வைக்க வேண்டும் என்று 2021-லேயே விதி வந்தது. பூட்டு இருக்கிறது, அநேக வீடுகளில் சாவி பிள்ளையின் கையில் இருக்கிறது! அந்த ரகசிய எண்ணை இன்றைக்கே மாற்றுங்கள்.

இன்னொன்று. கதாநாயகன் சிகரெட் பிடிக்கும்போது கீழே எச்சரிக்கை ஓடுகிறதல்லவா? 2012-லிருந்து அது கட்டாயம். பிள்ளை கீழே இருக்கிற எழுத்தையா பார்க்கிறான்? மேலே ஊதுகிறவனைத்தான் பார்க்கிறான். தகப்பனே, "இதெல்லாம் பார்க்காதேடா" என்று நீ சொல்லுகிற வார்த்தை கீழே ஓடுகிற எழுத்து. ராத்திரி பதினோரு மணிக்கு நீ உட்கார்ந்து பார்ப்பதுதான் மேலே ஓடுகிற படம்!

தாவீது ராஜா 101-ம் சங்கீதத்தில், என் வீட்டுக்குள்ளே உத்தம இருதயத்தோடு நடப்பேன் என்று முதலில் தீர்மானித்தான். தீங்கானதைக் கண்முன் வைக்கமாட்டேன் என்றது அதற்குப் பிறகுதான். முதல் செங்கல் நம் கண்.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து, எதைப் பார்ப்போம், எதை அணைப்போம் என்று சேர்ந்து பேசி முடிவு பண்ணுங்கள். ரிமோட்டை முதலில் தகப்பன் கீழே வைக்கட்டும்.

கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக. ஆமென்!