புறம்போக்கு யாருடையது?

கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டியில் தார்ச்சாலையை விட்டிறங்கிக் காட்டுப்பக்கம் நடப்போமாயின், இன்னும் சில இட்டேரிகளைக் காணலாம். இருமருங்கும் உயிர்வேலி, நடுவே வண்டித்தடம். மாட்டுவண்டிகள் ஓய்ந்தபின் தடமும் புதர்மண்டிக் கிடக்கிறது. ஊரார் அதைப் புறம்போக்கு என்பர். வரிக்கணக்குக்குப் புறத்தே நிறுத்தப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். அதை வசவாக்கியவர்கள் நாம்தாம்.

கிளுவைப் போத்தை வெட்டி நட்டாலே வேர்பிடித்துவிடும். அதன் முள்ளுக்குள் பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் படர்கின்றன. செம்போத்து அடிப்புதரில் பதுங்கி நடக்கிறது. கௌதாரி குஞ்சுகளோடு குறுக்கே ஓடுகிறது. அந்தி சாய்ந்தபின் முள்ளெலி வெளிவரும். தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் மட்டுமே வாழும் இச்சிற்றுயிர், பூச்சிகளைத் தின்பது. ஆபத்து நேர்ந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது. நாய்க்கு அந்தத் தற்காப்பு போதும். பொக்லைனுக்குப் போதாது.

ஜப்பானில் நிலைமை வேறு. இளையோர் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியோர் மட்டுமே எஞ்சிய ஊர்களில் பழைய பாதைகளைக் காடு மூடுகிறது. காட்டுப்பன்றி வாசல்வரை வருகிறது. ஆயினும் மனிதன் பேணிவந்த 'சதோயாமா' எனும் ஊரோரக் காடுகள் கவனிப்பாரற்றுப் போனதால், அவற்றை நம்பியிருந்த பூச்சிகளும் பூக்களும் அங்கே குறைகின்றன. ஆக, மனிதன் விலகிப்போவதே விடையென்று கூறவும் இயலாது. இட்டேரியும் மனிதன் நட்டதே. உயிர்கள் பின்னர் குடிவந்தன.

சேற்றில் நடந்து பள்ளிசெல்லும் பிள்ளைக்கும், பேறுகால வலியோடு கட்டிலில் சுமந்துசெல்லப்படும் பெண்ணுக்கும் சாலை வேண்டாமா என்பர் சிலர். வேண்டும், அதில் நமக்கு ஐயமே இல்லை. முள்ளெலியின் பொருட்டு எளியவரைச் சேற்றில் நிறுத்துவது அறமாகாது. ஆனால் வேலி சாலைக்காகத்தான் அழிகிறதா? நாம் பார்த்தவரை, இருபுறத்துக் காட்டுக்காரரும் ஆளுக்கு இரண்டு முழம் தள்ளிக் கம்பிவேலி கட்டும்போதும், காடு வீட்டுமனையாகும்போதுமே அது பிடுங்கப்படுகிறது. சாலையின் பெயர் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது, அவ்வளவே.

வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியோருக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது லேவியர் நூல். அதை நாம் ஈகை என்றே வாசித்துப் பழகிவிட்டோம். நூலோ உழவனின் தாராள மனத்தைப் பற்றிப் பேசவில்லை, கட்டளையிடுகிறது. அப்படியாயின் அந்த ஓரம் கொடையன்று, கடன். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997-இல் வந்த விதிகளின்படி, நிலத்துக்குரியவரே ஆனாலும் பழைய நாட்டுப்புற வேலிகளை உள்ளாட்சிக்கு அறிவியாமல் பிடுங்கலாகாது. இங்கே முள்ளெலிக்குப் பட்டாவும் இல்லை, மனு எழுதித்தர ஆளும் இல்லை.

அடுத்த கிராமசபையில் சாலை கேட்டு எழுதும் மனுவில், 'இருபுறத்து வேலியையும் விட்டுவிட்டு' என்று மூன்று சொற்களைச் சேர்த்தெழுதச் செலவொன்றுமில்லை.