சொல்லும் காவலும்: இறுதிக்கால முன்னேற்பாடு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

சொத்தைப் பிரித்தெழுதும் உயில், எழுதியவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வரும். இறுதிக்கால மருத்துவம் குறித்த முன்கூட்டிய அறிவுறுத்தலோ, எழுதியவர் உயிரோடிருந்தும் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் நடைமுறைக்கு வருவது. ‘வாழும் உயில்’ என வழங்கப்பெறும் இவ்வாவணத்தைத் தனிமனித உரிமையின் வெளிப்பாடாகக் காண்பதே பெருவழக்கு. அஃது உரிமையோடு அமைவதா, பிறரிடம் ஒன்றை ஒப்படைக்கும் உறவுச் செயலும் ஆவதா என்னும் வினாவைக் கோப்பெருஞ்சோழன் தொடர்பான புறநானூற்றுப் பாடல்களின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேந்தனின் முன்னேற்பாடு

தன் மக்கள்மேல் போருக்கு எழுந்த சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்துரைக்கிறார் (புறம். 213). மக்களையே அழித்துவிட்டால் செல்வத்தை யாருக்கு விட்டுச்செல்வது என அவர் எழுப்பும் வினா, மரபுரிமை பற்றிய அடிப்படை வினாவாகும். பின்னர் வேந்தன் வடக்கிருந்து, உண்ணாநோன்பால் உயிர்துறக்கத் துணிகிறான். அந்நிலையில் அவன் செய்யும் ஏற்பாடுகள் இரண்டு. நேரிற் கண்டிராத நண்பராகிய பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து தவறாது வருவார் எனக் கூறி, அவருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறான் (216). உடன் உயிர்துறக்க விழைந்த பொத்தியாரை, அவர்தம் மனைவி புதல்வனைப் பெற்ற பின் வருமாறு திருப்பியனுப்புகிறான் (222).

முதல் ஏற்பாட்டை வேந்தன் தனியே நிறைவேற்ற இயலாது; அவ்விடத்தைக் காத்துத் தர வேண்டியோர் சூழ இருந்த சான்றோரே. இரண்டாம் ஏற்பாடு, தன் இறப்பு இன்னொரு குடும்பத்தின் வாழ்வை இழுத்துச் செல்லாதவாறு அமைந்தது. பொத்தியார் மீண்டு வந்து தமக்குரிய இடம் யாது எனக் கேட்கும்போது விடைகூற வேந்தன் இல்லை. அவன் சொன்ன சொல்லே எஞ்சியிருந்தது. நடுகல்லான பின்னும் அவன் இடமளித்ததாக அடுத்த பாடல் (223) கூறுவது ஈண்டுக் கருதத்தக்கது. ஒருவர் விட்டுச்செல்லும் பேற்றுள் பொருளினும் மேலானது, பிறர் காத்து நிறைவேற்றும் சொல் எனலாம்.

வடக்கிருத்தலும் வாழும் உயிலும் ஒன்றல்ல. முன்னது உயிரைத் துறக்கும் துணிவு. பின்னது மீட்சியற்ற நிலையில் உயிர் செயற்கையாக நீட்டிக்கப்படுவதை மறுத்தல். சொல்லை ஒப்படைத்தல் என்னும் கூற்றில் மட்டுமே ஈண்டு ஒப்புமை கொள்ளப்படுகிறது.

இன்றைய சட்டம்

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையுள் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, வாழும் உயிலுக்கு ஏற்பளித்தது. அதற்கு நீதித்துறை நடுவரின் கையொப்பம் வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் தளர்த்தப்பட்டது. இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெற்றால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட உறவினரையோ காப்பாளரையோ ஆவணத்தில் குறிக்கலாம். எனினும் ஆவணம் தானே செயற்படுவதில்லை. இரு மருத்துவக் குழுக்களின் கருத்தும், பெயர் குறிக்கப்பட்டோரின் இசைவும் தேவை. ஆகவே சட்டமும் இச்சொல்லைப் பிறர் கையில்தான் வைக்கிறது.

சொல் விட்டுச்செல்லப்படாத வீட்டில், செயற்கைச் சுவாசக் கருவியை நீக்குவதா எனும் வினா மக்களிடம் வந்து நிற்கிறது. எம்முடிவை எடுப்பினும் குற்றவுணர்வு அவர்களைத் தொடரும். முன்கூட்டிய சொல் அச்சுமையை முற்றும் நீக்காது. ஆயினும் ‘நாங்கள் முடிவு செய்தோம்’ என்பதை ‘அவர் சொன்னதைக் காத்தோம்’ என மாற்றித் தருகிறது.

ஓர் ஐயம்

அச்சொல் உண்மையில் யாருடையது? தென்மாவட்டங்களில் முதியோரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி இறக்கச் செய்யும் தலைக்கூத்தல் வழக்கம் பதிவாகியுள்ளது. அங்கு முடிவு உறவினருடையது. ‘நான் பாரமாகிவிட்டேன்’ என்று நாணி ஒரு முதியவர் ஒப்பமிடின், அவ்வாவணமும் அதனின்று பெரிதும் வேறுபடாது. கோப்பெருஞ்சோழனின் துணிவுக்குப் பின்னணி மக்களோடு நேர்ந்த பகை என்பதும் மறத்தற்கில்லை. வேந்தனின் சொல்லிலேயே குடும்பத்தின் காயம் கலந்திருக்கையில், ஏழை முதியவரின் சொல்லை ஆராயாது ஏற்றல் தகாது. வலிதணிக்கும் மருத்துவமும் பேணுவோர் துணையும் கிட்டாத இடத்தில் சிகிச்சை மறுப்பு முழுமையான தெரிவாகாது. எழுதியவர் தெளிவுடன் இருக்கும் காலம்வரை ஆவணத்தை மாற்றவும் திரும்பப்பெறவும் இயலும் என்பது ஒரு காப்பு. வீட்டாரோடு அதனைப் பலமுறை பேசியிருத்தல் மற்றொரு காப்பு.

முடிவுரை

இறுதிக்கால முன்னேற்பாடு உரிமையில் தொடங்கி ஒப்படைப்பில் நிறைவுறுகிறது. எழுதுவோர்க்கு உரிய அறம், பிறர் வாழ்வுக்கு இடம்விட்டுச் சொல்லுதல். காப்போர்க்கு உரிய அறம், அச்சொல்லைக் காத்தலோடு, அஃது அச்சத்தாலோ நாணத்தாலோ பிறவாதபடி அவர் வாழுங்காலத்திலேயே அவரைப் பேணுதல். இரண்டாவது அறம் தவறிய வீட்டில் முதலாவதைக் கோரும் தகுதி எவர்க்கும் இல்லை.