செத்தவர் நகை யாருக்கு?

காட்டை உழும்போது ஒரு சிவப்பு மணி கிடைக்கிறது. வழவழவென்று, நூல் கோக்கத் துளையோடு. அது யாருக்குச் சொந்தம்?

நம்ம பக்கத்தில் கேட்டால் பதில் சட்டென்று வரும். “எம்பட காட்டுல கெடச்சா எம்படதுதானுங்க. செத்தவங்க வந்து கேக்கவா போறாங்க?”

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். 1985 முதல் பல கட்டங்களாகத் தோண்டியதில் மணி செய்த பட்டறைகளும், சங்கை அறுத்து வளையல் செய்த அடையாளங்களும் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைக்கும். சங்கு கடற்கரையிலிருந்து வர வேண்டும். சிவப்பான சூதுபவளம் இந்த மண்ணில் கிடையாது, வெகுதூரத்திலிருந்து வந்தது. அப்படிப்பட்ட மணிகளை அங்கே கல்லறைக்குள் வைத்திருக்கிறார்கள்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? பிணத்தை எடுக்கும் முன் காதிலும் மூக்கிலும் இருப்பதைக் கழற்றிவிடுகிறோம். தப்பில்லை, மகளுக்கு ஆகும். ஆனால் அவர்கள் கழற்றவில்லை. விலை தெரிந்தே கொடுத்து அனுப்பினார்கள். அது தொலைந்த பொருள் அல்ல, கொடுத்த பொருள்.

நான் பி.காம். படித்தவன். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்கு விற்க முடியாது என்பது 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் அரிச்சுவடி. புதையலுக்கு 1878-ம் வருடச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவர் யார், நிலம் யாருடையது என்று சட்டம் கேட்கும். முடிந்தவரை, மணியை அங்கே வைத்த கை எது என்றும் கேட்கும். கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

ஆளில்லை என்பது உண்மைதானா? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். நியூ மெக்சிகோவில் பியூப்ளோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லும் சிப்பியும் அவர்களுடைய பரம்பரை நகை. அங்கே சாக்கோ பள்ளத்தாக்கில் 1896-ல் ஒரே அறையில் 14 பேரின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். கூடவே ஆயிரக்கணக்கான டர்க்காய்ஸ் மணிகள், கடற்சங்குகள். எல்லாம் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. கல்லறைப் பொருளை உரிய பழங்குடியிடம் திருப்பித்தர வேண்டும் என்று 1990-ல் சட்டம் வந்தது. ஆனால் இந்த 14 பேரும் எந்தக் குலம் என்று தெரியாதவர்கள் கணக்கில் இருந்தார்கள். 2017-ல் பியூப்ளோ மக்களைக் கேட்காமலேயே மரபணு ஆய்வு வெளியானது. பிக்குரிஸ் என்ற சின்ன பியூப்ளோ கிராமத்தார் தாங்களே விஞ்ஞானிகளை அழைத்துத் தங்கள் மரபணுவைச் சோதிக்கச் சொன்னார்கள். 2025-ல் முடிவு வெளிவந்தது. சாக்கோ மனிதர்களுக்கும் இவர்களுக்கும் உறவு இருக்கிறது!

வாரிசு இல்லை என்பது வேறு, வாரிசைத் தேடவில்லை என்பது வேறு.

அப்படியானால் தோண்டவே கூடாதா? தோண்டாவிட்டால் கொடுமணத்தைப் பாட்டில் மட்டும்தான் பார்த்திருப்போம். ஆய்வாளர் ஒரு மணியை எடுக்கும்போது எந்தக் கல்லறை, எந்த மூலை, எத்தனை ஆழம் என்று எழுதிவைக்கிறார். அந்தக் குறிப்பு இருக்கும்வரை மணி இன்னும் அந்தச் செத்தவருடையதுதான். நாம் கோயில் சொத்துக்கு டிரஸ்டி மாதிரி. பார்த்துக்கொள்ளலாம், படிக்கலாம், ஒருநாள் கேட்க ஆள் வந்தால் கணக்குச் சொல்லலாம். திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவன் முதலில் அழிப்பது இந்தக் குறிப்பைத்தான்.

யாராவது உங்களிடம் “ரெண்டாயிரம் வருஷத்துப் பாசி, சல்லிசா வருதுங்க” என்று நீட்டினால், எங்கே எடுத்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விலை பேசிவிட்டால், அந்தக் குழிக்குள் நீங்களும் கைவிட்ட மாதிரிதான்.