எங்கே குடியேறுவது?

 



ஹலாலான பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் செல்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. சென்னைக்கு வடக்கே எண்ணூர் வட்டாரத்தைப் பாருங்கள். 1948ல் அங்கே மோட்டார் தொழிற்சாலை வந்தது. 1969ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1994ல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001ல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. இவற்றை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். இன்றும் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

வேலைக்கு உத்தரவு வந்தவுடன் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்: வாடகை எவ்வளவு? கம்பெனிக்கு எவ்வளவு தூரம்? இரண்டும் அவசியமான கேள்விகளே. ஆனால் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பொறுப்பாளர் கேட்க வேண்டியவை அவ்வளவுதானா?

ஹஜ்ரத் இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் மனைவியாரையும் பால்குடி மகனையும் மக்காவின் வறண்ட பள்ளத்தாக்கில் குடியமர்த்தியபோது செய்த துஆவை அல்லாஹு தஆலா தன் திருமறையில் நமக்கு எடுத்துக் காட்டுகிறான். அதன் கருத்தைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டவற்றில் நான்கைப் பாருங்கள். இவ்வூரை அச்சமற்ற ஊராக ஆக்கு என்றார்கள். என் சந்ததியார் தொழுகையை நிலைநிறுத்தவே இங்கே குடியமர்த்தினேன் என்றார்கள். மனிதரின் உள்ளங்களை இவர்கள்பால் திருப்பு என்றார்கள். இவர்களுக்குக் கனிகளை உணவாகக் கொடு என்றார்கள். பாதுகாப்பு, தொழுகை, நல்ல அண்டை அயலார், பிழைப்பு என்ற வரிசை அதில் அமைந்திருக்கிறது. நாமோ நான்காவதை முதலில் வைத்து, மற்ற மூன்றையும் வீட்டுத் தரகரிடம் விட்டுவிடுகிறோம்!

முதலில் பாதுகாப்பைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலிய கடலோரக் குடியிருப்பு மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, வீடுகளிலும் வலைகளிலும் படிந்தது. மணலித் தொழிற்பகுதியை, கடுமையாக மாசடைந்த இடங்களில் ஒன்றென 2009லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்டது.

“எல்லாம் தக்தீர்படி நடக்கும். விதியிருந்தால் எங்கிருந்தாலும் வரும்” என்று சிலர் சொல்வார்கள். இதற்கு ஹஜ்ரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று, தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பத் தீர்மானித்தார்கள். “அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா?” என்று ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி கூறி, ஓர் உவமையும் சொன்னார்கள். ஒட்டகம் மேய்க்கப் போன இடத்தில் ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் இருந்தால், எப்பக்கம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படியே மேய்க்கிறோம். பசுமையான பக்கம் ஓட்டிச் செல்வது தவக்குலுக்கு விரோதமாகாது.

ஆகவே, ஆயிரம் ரூபாய் வாடகை குறைகிறதென்று ஆலைச் சுவரை ஒட்டிய வீட்டைப் பிடிக்குமுன், அவ்வீட்டில் நாள் முழுதும் மூச்சு விடப்போவது வேலைக்குப் போகும் நீங்களல்ல, உங்கள் மனைவி மக்கள் என்பதை நினையுங்கள். வீட்டைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். காற்றில் என்ன வாடை வருகிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டுமா என்று அத்தெருப் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்களைக் கொண்டு விசாரியுங்கள். எண்ணூரில் வேலையென்றால் எண்ணூரிலேயே குடியிருந்தாக வேண்டுமென்பதில்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர், மீஞ்சூர் எல்லாவற்றையும் இணைக்கிறது. 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. அரை மணி நேரப் பயணம் பிள்ளையின் நெஞ்சைக் காக்குமானால் அதுவும் ஸதக்காவே.

அடுத்தது தொழுகை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, தமக்கென வீடு எழுப்புமுன் பள்ளிவாசலுக்கு நிலம் பார்த்தார்கள். அநாதைச் சிறுவர் இருவரின் நிலம் அது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுத்தே வாங்கினார்கள். அதுவரை ஹஜ்ரத் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். பாங்கோசை காதில் விழும் தெருவில், பிள்ளைகள் நடந்து போய் ஓதிவரும் தூரத்தில் மக்தப் மதரஸா இருக்குமானால் அது பெரும் பாக்கியம். மண்ணடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இது எளிது. தொழிற்பகுதிக்குள் சற்றுக் கடினம்.

அதற்காகப் பள்ளிவாசலுக்குத் தொலைவில் இருப்போர் மனம் தளர வேண்டியதில்லை. பனூ ஸலமா கூட்டத்தார் தம் வீடுகளை விட்டுப் பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், நீங்கள் எடுத்துவைக்கும் அடிகள் உங்களுக்காக எழுதப்படுகின்றன என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். தூரத்தில் இருப்பவர் நடையால் நன்மை பெறுவார். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டே ஃபஜ்ரில் உறங்குபவர் என்ன பதில் சொல்வார்?

மூன்றாவது அண்டை அயலார். வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபு மக்களின் முதுமொழி. “நம்மவர் தெருவில்தான் இருப்பேன்” என்று பிடிவாதம் செய்வோரும் உண்டு. “முஸ்லிம்களுக்கு வீடில்லை” என்ற சொல்லைக் கேட்டு மனம் புண்பட்டோரும் உண்டு. அப்படிக் கேட்க நேர்ந்தாலும் பெயரை மறைத்தோ, பிறர் பெயரிலோ வீடு பிடிக்காதீர்கள். பொய்யின் மேல் எழுந்த குடித்தனத்தில் பரக்கத் ஏது? அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கம் பார்த்து வருவதன்று. ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உங்கள் நடத்தையைப் பார்த்த வீட்டுக்காரர், அடுத்து வரும் முஸ்லிமுக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

இறுதியாகப் பணம். இங்கேதான் பலர் அறியாமலே வட்டியில் விழுகிறார்கள். ‘லீசுக்கு வீடு’ என்று சென்னையிலும், ‘ஒத்தி’ என்று ஊர்ப்புறங்களிலும் சொல்வது என்ன? சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலியாகும்போது முழுத்தொகையையும் திரும்ப வாங்குவது. கொடுத்த பணம் அப்படியே திரும்ப வருமானால் அது கடன். அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் இலவசக் குடியிருப்பு நிபந்தனையிட்ட இலாபம். கடனுக்கு நிபந்தனையிட்ட இலாபம் கூடாதென்பதில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேற்றுமையில்லை. வாடகை பேசி மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். சேமித்த பணமிருந்தால் பல மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்து, மாதந்தோறும் கழித்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் செய்யலாம்.

எதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி குர்ஆனே ஏவுகிறது. நாட்டின் சட்டமும் அதையே கேட்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது.

இவ்வளவும் பார்த்தபின் வீட்டாரோடு கலந்து பேசுங்கள். குழந்தையின் பால்குடியை மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் ஆலோசித்து முடிவு செய்யச் சொல்லும் மார்க்கம் இது. வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகும் பெண்ணைக் கேளாமல் வீடு பிடிக்கலாமா? பிறகு இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, நாயனிடம் ஒப்படையுங்கள். புதுவீட்டில் பால் காய்ச்சுமுன் தொழுகை விரிப்பை விரியுங்கள்.

யா அல்லாஹ்! பிழைப்புக்காக ஊர் பெயரும் எங்கள் குடும்பங்களுக்கு அச்சமற்ற இடத்தையும், நல்ல அண்டை வீட்டாரையும், ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளைத் தொழுகையாளிகளாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.