மறுக்கக் காரணம் யாருக்கு வேண்டும்?

ஒருவர் எப்படி மறுக்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். முதலாளி "அதெல்லாம் ஆகாது" என்றால் பேச்சு முடிந்தது. அவரிடம் வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று சொல்லவோ, பாட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போக வேண்டும். பாவம், எத்தனை பாட்டிகள் இப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களோ!

பெனலப்பி பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்ட மரியாதைப் பேச்சு பற்றிய ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோவை மாவட்டத்துக் கிராமத் தமிழ். எதிரில் இருப்பவரின் அதிகாரம் கூடக்கூட, பேச்சு சுற்றி வளைக்கும் என்றார்கள் அவர்கள். நம் பாட்டிகளுக்கு ஆய்வு செய்யாமலே தெரிந்த சங்கதி.

பெண்களுக்குக் காரணம் மட்டும் போதாது, துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். ஏலச்சீட்டில் சேரச் சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவிடம் "எனக்கு விருப்பமில்லக்கா" என்றால் எடுபடாது. "அவரு திட்டுவாருக்கா" என்றால் அக்கா உடனே எழுந்துவிடுவார். கை நிறையச் சம்பாதிக்கிற, வீட்டில் எல்லா முடிவையும் தானே எடுக்கிற பெண்களும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 'அவரு' வீட்டில் வாயே திறக்காத மனிதர் என்பது வேறு கதை. அவரிடம் அதே சீட்டைப் பற்றிக் கேட்டால், "நமக்கு ஒத்து வராதுங்க" என்பார். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கல்யாணப் பேச்சிலும் இதே நிலைதான். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது அபூர்வம்; ஜாதகத்துச் செவ்வாய்தான் பழியை ஏற்கும்.

வயது ஏறினால் மறுக்கும் உரிமையும் ஏறும் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மகன் கையை எதிர்பார்த்திருக்கும் தாய், ஆசைப்பட்ட புடவையைக்கூட "எனக்கெதுக்குப்பா" என்று தள்ளிவிடுவாள். பென்ஷன் வாங்கும் அம்மாக்களின் குரலே வேறு. "இந்தக் கலர் வேண்டாம், மாத்திட்டு வா" என்பார்கள்.

இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவதை நாசூக்கு என்று மெச்சுகிறவர்கள், அதன் விலையையும் பார்க்க வேண்டும். 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. பெண்ணின் மெல்லிய மறுப்பு சில வேளைகளில் சம்மதமாகவும் இருக்கலாம் என்று தீர்ப்பில் எழுதியது. மெல்லப் பேசு என்று பெண்ணை வளர்த்ததும் நாம், மெல்லச் சொன்னதால் அது மறுப்பே இல்லை என்பதும் நாம்!

அதற்காகக் கீழே இருப்பவரிடம் போய், துணிந்து 'முடியாது' என்று சொல்லப் பழகு என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. வேலை போனால் அவருக்குத்தானே போகும்? மேலே இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்: அடுத்த முறை உங்களிடம் லீவு கேட்டு வருபவரிடம் எதற்கென்று கேட்காமல் கொடுத்துப் பாருங்கள்.