பெட்டியின் எடையும் அமானிதமும்



பயணத்தை வேதனையின் ஒரு பகுதியாகவே நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உணவும் தண்ணீரும் உறக்கமும் கெடுவதை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். ஸஹீஹ் புகாரியில் உள்ள செய்தி. ஒட்டகக் காலத்துப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். ஜித்தாவில் ஏறி, இடையில் வேறொரு நாட்டில் ஆறேழு மணி நேரம் நாற்காலியிலேயே தூங்கி விழுந்து, அடுத்த விமானம் பிடித்து ஊர் வந்து இறங்குபவரின் முகத்தைப் பாருங்கள், புரியும். முசாஃபிருக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கவும், ரமளான் நோன்பைப் பின்னால் வைக்கவும் மார்க்கம் இடம் தந்தது சும்மா இல்லை.

ஆனால் இன்று அந்த வேதனையில் பாதி, நாமே கட்டிய பெட்டியில் இருக்கிறது.

ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், டிக்கெட்டில் 30 கிலோ. பெட்டி 34 வருது. கவுன்டரில் தெரிந்த பையன் இருக்கான், விட்டுடுவான். நாலு கிலோவில் விமானம் விழுந்துடவா போகுது?"

விழாது. ஆனால் நம் அரபுக் கல்லூரிகளில் ஓதும் குதூரியில், இஜாரா பாடத்தில் ஒரு சட்டம் வரும். இவ்வளவு கோதுமை ஏற்றுவேன் என்று பேசி வாடகைக்கு எடுத்த பிராணியின் மீது ஒருவர் அதற்கு மேல் ஏற்றி, அது செத்துப்போனால், கூடுதல் சுமையின் அளவுக்கு அவர் ஈடு கட்ட வேண்டும். ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முந்திய நூல் அது. பேசிய எடைதான் ஒப்பந்தம். அந்தப் பையன் தாராளம் காட்டுவதோ தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தில். கம்பெனியே சலுகை வைத்திருந்தால் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம்.

ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டுகிறேன் என்றாலும் பல இடங்களில் பிரிக்கச் சொல்கிறார்கள். அதைக் கையால் தூக்கி, விமானத்தின் அடிப்பகுதியில் குனிந்தபடி அடுக்கும் தொழிலாளியின் முதுகுக்காக. வளைகுடாவில் அவரும் நம்மைப் போலப் பிழைக்கப் போனவராகவே இருப்பார். பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குகிறார் என்று ஓர் ஒட்டகம் முறையிட, அதன் சொந்தக்காரரான அன்ஸாரித் தோழரை நபியவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

சரி, அந்த நாலு கிலோ யாருடையது? பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. மச்சானுக்குப் போர்வை, கொழுந்தியாளுக்குப் பால்மாவு, பக்கத்து வீட்டுக்குக் கோடாலித் தைலம். கவுன்டரில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் வெளியே எடுத்து வைப்பது தன் சட்டைகளைத்தான். மற்றவர் சாமானில் கை வைக்க மனம் வராது. இரண்டு வருடம் கழித்து வரும் மனிதர்!

நண்பர்கள் ஒட்டிக் கொடுக்கும் பார்சல் தனிக் கதை. "பிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது சந்தேகப்படுவதாகாது. இங்கிருந்து யாருக்கோ மாத்திரை கொண்டுபோய் அங்கே சிறைக்குப் போனவர்கள் உண்டு. காட்ட மறுப்பவரின் பார்சலை வாங்காதீர்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

ஒருவரின் சாமானை அவர் வாகனத்தில் தூக்கி வைப்பதும் தர்மம் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் உம்ரா முடித்து வந்த வயதான அம்மா நின்றால், முதலில் அவர் பெட்டியை இறக்கிக் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களே, "அடுத்த வாரம் வர்றேன்" என்று போன் வந்தால், லிஸ்ட் சொல்லும் முன் பெட்டியில் இன்னும் எத்தனை கிலோ இடம் இருக்கிறது என்று கேளுங்கள்.